குல்மார்கில் பனி இளகும் நேரம்

குல்மார்கிற்குச் செல்ல ஏற்ற மாதம் எது என்று கேட்டால், பெரும்பாலோர் ஜனவரி என்றே விடையளிப்பர். பயண நிறுவனங்களின் விளம்பரங்களும் திரைப்படப் பாடல்களும் நம் மனத்தில் பதித்துள்ள படம் அதுதான்: வெண்மை போர்த்திய ஊசியிலை மரங்கள், புகையாக எழும் மூச்சு, கண்ணுக்கெட்டிய வரை பனி. வங்கியில் பணிபுரிவோர்க்கு ஜனவரி என்பது கனவு. கடைசிக் காலாண்டில் விடுப்பு விண்ணப்பத்தை நீட்டும் அதிகாரியை மேலாளர் எப்படிப் பார்ப்பார் என்பதை, வங்கியரை உறவினராகக் கொண்ட வாசகர்கள் நன்கறிவர். மார்ச் 31 அன்று ஆண்டுக் கணக்கை முடித்துவிட்டு, ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த நண்பர்கள் நால்வர் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் குல்மார்க் சென்றோம். சனிக்கிழமை விடுமுறையாகவும் அமைந்தது.

வேறு வழியின்றித் தேர்ந்த தேதிதான் அது. ஆயினும் இளவேனிற் காலப் பனிச்சறுக்கு என்பது குளிர்காலத்தின் மிச்சம் அன்று; அதற்கென்று தனி இயல்பும் தனி ஒழுங்கும் உண்டு. ஜனவரிப் பனியில் காலை முதல் மாலை வரை சறுக்கலாம். ஏப்ரல் பனியோ நாளொன்றுக்குச் சில மணி நேரமே வாயில் திறந்து வைக்கும். எப்போது தொடங்குவது என்பதைவிட எப்போது நிறுத்துவது என்பதை அறிந்தவரே அங்கே தேர்ந்தவர்.

குல்மார்க் ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், பாரமுல்லா மாவட்டத்தில், கடல்மட்டத்திற்குமேல் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளி. கௌரிமார்க் என்றிருந்த பெயரை மலர்வெளி எனப் பொருள்படும் குல்மார்க் என மாற்றியவர் 16ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட யூசுப் ஷா சக் என்பர். ஆங்கிலேயர் இங்கே கோடையில் கோல்ப் ஆடினர். 1927இல் பனிச்சறுக்குக் கழகமும் அமைத்தனர். விடுதலைக்குப் பின் 1948இல் இராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளியும், 1968இல் நடுவண் சுற்றுலா அமைச்சகத்தின்கீழ் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனமும் இங்கே தோன்றின. இவையனைத்தையும் விட ஊரின் வாழ்வை மாற்றியது கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தி. 1998இல் அதன் முதற்கட்டம் குல்மார்கிலிருந்து கோங்டூரி வரையும், 2005இல் இரண்டாம் கட்டம் அங்கிருந்து அபர்வத் மலையின் தோள் வரையும் இயங்கத் தொடங்கின. மேல்நிலையம் 3,900 மீட்டரைக் கடந்த உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோங்டூரி வரை ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தைச் சறுக்கியே இறங்கலாம் என்பதனாலேயே வெளிநாட்டார் இவ்வூரைத் தேடி வருகின்றனர்.

ஏப்ரலில் ஸ்ரீநகரிலிருந்து புறப்படும் பயணமே இரு பருவங்களுக்கிடையே செல்வதாகும். நகரில் துலிப் தோட்டம் திறந்திருந்தது. சாலையின் இருபுறமும் கடுகு வயல்கள் மஞ்சளாய்ப் பூத்திருக்க, ஆப்பிள் மரங்கள் அரும்பு கட்டத் தொடங்கியிருந்தன. தங்மார்கைத் தாண்டி மலையேறும் 13 கிலோமீட்டரில் மெல்ல மெல்லப் பச்சை குறைந்து வெண்மை கூடியது. தங்மார்கில் முழங்கால்வரை நீளும் கம்பளி அங்கியையும் ரப்பர் பூட்சையும் வாடகைக்கு எடுத்தே தீரவேண்டும் என்று கடைக்காரர்கள் வற்புறுத்துவர். இளவேனிலில் அவை சுமையே. நீர்புகாத மேற்சட்டையும், கையுறையும், நல்ல கறுப்புக் கண்ணாடியும் போதும். குல்மார்க் புல்வெளி திட்டுத் திட்டாய் உருகிச் சேறாகியிருந்தது. புதியவர்கள் பயிலும் கீழ்ச்சாய்வுகள் அம்மாதத்தில் பயன்படா. அனைவரும் கோங்டூரிக்குச் செல்லவேண்டியதுதான்.

எங்களுள் கொல்கத்தா நண்பர் இளமையில் அரசுப் பயிற்சி நிறுவனத்தில் முறையாகப் பயின்றவர். எனக்கு அது மூன்றாவது பயணம். ஜம்முவில் பணியாற்றிய ஆண்டுகளில் இருமுறை வந்து ஓரளவு கற்றிருந்தேன். ஆய்வுத்துறையில் இருந்த நாக்பூர் நண்பரும், கொச்சி நண்பரும் பனியைத் தொட்டதே அன்றுதான். தங்மார்கைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரும், புதியவர் இருவர்க்கெனத் தனிப் பயிற்றுநர் ஒருவரும் எங்களுடன் வந்தனர்.

கருவிகளைத் தேர்ந்த விதத்திலேயே அவ்வழிகாட்டியின் திறம் புலப்பட்டது. வாடகைக் கடையில் எல்லோரும் பார்ப்பது பலகையின் நிறத்தையும் நீளத்தையும். அவர் பார்த்தது பூட்சைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் எனும் பூட்டை. விழும்போது அப்பூட்டு தானே விடுபடவேண்டும். விடுபடாவிட்டால் பலகை ஒருபுறமும் கால் மறுபுறமும் திரும்பி முழங்கால் முறியும். எளிதில் விடுபட்டாலோ நல்ல வேகத்தில் பலகை கழன்றுவிடும். ஒவ்வொருவர் எடையையும், பூட்சின் நீளத்தையும், தேர்ச்சியையும் கேட்டு, திருகாணியைக் கொண்டு அப்பூட்டை அளவிட்டு இறுக்கினார். நாக்பூர் நண்பர் தம் எடையைக் குறைத்துச் சொன்னதை அவர் ஏற்கவில்லை.

கல்லுப்பும் கண்ணாடியும்

முதற்பெட்டியிலேயே ஏறி கோங்டூரியை அடைந்த எங்களை, வழிகாட்டி உடனே சறுக்க விடவில்லை. தேநீர்க் கடையில் உட்காரச் சொன்னார். காஷ்மீரத்தின் உப்புத் தேநீரான நூன் சாய் இளஞ்சிவப்பு நிறத்தில் வந்தது. பாலில் ரோஜா சர்பத் கலந்திருக்கிறது என எண்ணிக் கொச்சி நண்பர் ஒரு பெரிய மிடறு பருகியபின் அவர் முகம் போன போக்கை நாங்கள் இன்றும் பேசிச் சிரிப்பதுண்டு. பத்தரை மணி வரை அங்கேயே காத்திருந்தோம். காரணம், பனியின் உள்ளே நடப்பது.

புதிதாய் விழும் பனி ஆறு கைகள் கொண்ட மெல்லிய படிகங்களால் ஆனது. நிலத்தில் கிடக்கக் கிடக்க அக்கைகள் தேயும். இளவேனிலில் பகல் வெயில் மேற்பரப்பை உருக்க, நீர் படிகங்களுக்கிடையே இறங்குகிறது. மேகமற்ற இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானுக்கு இழந்து மீண்டும் உறைகிறது. உருகுதலும் உறைதலும் நாள்தோறும் மாறி மாறி நிகழ, படிகங்கள் உருண்டு திரண்டு மணிகளாகின்றன. பணிக்காலத் தொடக்கத்தில் தூத்துக்குடிக் கிளையில் இருந்தவன் நான். அங்கே உப்பளப் பாத்தியில் வாரிக் குவித்த கல்லுப்பைக் கையில் அள்ளினால் எப்படியிருக்குமோ, ஏப்ரல் பனி அப்படியே இருந்தது.

அதிகாலையில் இம்மணிகள் ஒன்றோடொன்று உறைந்து ஒட்டி, பரப்பு முழுவதும் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். பலகையின் விளிம்பு பிடிக்காது. விழுந்தால் நிற்க இடமின்றிக் கீழ்வரை போகவேண்டியதுதான். வெயில் ஏற ஏற மேலே ஓரிரு விரற்கடை மட்டும் இளகும். அடியில் உறுதி மாறாதிருக்கும். சறுக்குவோர் காத்திருப்பது இந்நிலைக்காகவே. விளிம்பு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கும், திரும்புவது எளிது, விழுந்தாலும் வலி இல்லை. ஜனவரியின் ஆழமான தூள்பனியில் தடுமாறுவோரும் இப்பனியில் வல்லுநர்போல் திரும்புவர். நடுப்பகல் தாண்டியபின் நீர் அடிவரை இறங்கும். மணிகளை ஒட்டியிருந்த பிணைப்பு கரையும். கால் முழங்கால்வரை புதையும். பின்னர், செங்குத்தான இடங்களில், பனியின் முழு அடுக்குமே தன் எடை தாங்காது நகரக்கூடும். ஈரப் பனிச்சரிவு என்பது அதுவே.

எந்தச் சாய்வு எப்போது இளகும் என்பது அது நோக்கும் திசையைப் பொறுத்தது. கிழக்கு நோக்கியவை முதலில் இளகி முதலில் கெடும். தெற்கும் மேற்கும் பின்னர். வடக்கு நோக்கியவை கடைசியாக. நல்ல வழிகாட்டி வெயிலின் பின்னாலேயே தம் குழுவை அழைத்துச் செல்வார். எங்கள் வழிகாட்டி கைக்கடிகாரத்தை அதிகம் பார்க்கவில்லை. நடக்கும்போதெல்லாம் ஊன்றுகோலைப் பனியில் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இரண்டு இறக்கங்கள்

பதினொரு மணியளவில் கொல்கத்தா நண்பரும் நானும் வழிகாட்டியோடு இரண்டாம் கட்டப் பெட்டியில் மேலேறினோம். மரங்களின் எல்லை கீழே போயிற்று. மேல்நிலையத்தில் காற்று மெலிந்திருந்தது; பூட்சை மாட்டக் குனிந்து நிமிர்வதற்கே மூச்சு வாங்கியது. வடக்கே, மலைத்தொடர்களின் பின்னால், 8,126 மீட்டர் உயர நங்கா பர்வதம் மேகமின்றித் தெரிந்தது. எல்லைக்கோட்டுக்கு அப்பால் இருக்கும் மலை அது. சுற்றுலா வந்த குடும்பங்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, ஆரஞ்சு நிறக் கயிறுகளையும் அறிவிப்புப் பலகையையும் வழிகாட்டி எங்களுக்குக் காட்டினார். குல்மார்கில் பனிச்சரிவு அபாயத்தைக் கணித்து அறிவிக்கும் ரோந்துக் குழு ஒன்று பணியாற்றுகிறது. நிலையத்தைச் சூழ்ந்த ஒரு பகுதியே அக்குழுவின் கண்காணிப்பில் உள்ளது. அதற்கு அப்பால் மலை, மலையாகவே இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அபர்வத்தில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டார் இருவர் உயிரிழந்ததை வாசகர்கள் செய்தித்தாளில் படித்திருக்கலாம்.

முதல் இறக்கம் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைதான். ஆயினும் சறுக்குபவன் மனத்தில் சொற்கள் தங்குவதில்லை. முட்டி மடங்கியிருக்கவேண்டும், எடை முன்காலடியில் இருக்கவேண்டும், பார்வை பலகையின் முனையில் அன்றி அடுத்துத் திரும்பும் இடத்தில் இருக்கவேண்டும். இம்மூன்றும் ஒருசேர அமைந்த சில திருப்பங்களில், காலடியில் மணிமணியாய்ச் சிதறும் பனியின் ஓசை மட்டும் கேட்டது. கொல்கத்தா நண்பர் பெரிய வளைவுகளாக இறங்க, அதே சாய்வில் நான் நான்கு மடங்கு நேரமெடுத்து வந்தேன்.

கோங்டூரியில் இதற்குள் வேறொரு காட்சி நடந்திருந்தது. புதியவர்க்கு முதலில் கற்பிப்பது நிற்கும் கலை: பலகைகளின் முனைகளைச் சேர்த்து, பின்புறங்களை அகட்டி, உள்விளிம்புகளை அழுத்துவது. பீட்சாத் துண்டின் வடிவம் என்று பயிற்றுநர்கள் குழந்தைகளுக்குச் சொல்வர். கொச்சி நண்பர் அரைமணியில் பிடித்துக்கொண்டார். நாக்பூர் நண்பரோ, பிறர் கணக்கில் பிழை காண்பதையே தொழிலாகக் கொண்டவர், ஒவ்வொரு முறை விழுந்தபின்னும் எழாமல் அங்கேயே கிடந்து விழுந்த காரணத்தை ஆராய்ந்தார். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அவரைச் சுற்றி வளைந்து சென்றபோதுதான் எழுந்தார்.

இரண்டாம் இறக்கத்தை முடித்தபோது மணி பன்னிரண்டே முக்கால். பனி இன்னும் நன்றாகவே இருப்பதாக எங்களுக்குத் தோன்றியது. வெயில் இதமாக இருந்தது, கால்கள் பழகியிருந்தன, மறுநாள் ஊர் திரும்பவேண்டும். இன்னொரு முறை மேலே போகலாம் என்றார் கொல்கத்தா நண்பர். வழிகாட்டி மறுத்தார். கண்காணிப்புப் பகுதிக்கு வெளியே அன்று, அதே வழியில்தான் என்று நண்பர் வாதிட்டார். வழிகாட்டி மீண்டும் மறுத்தார். அந்த ஓர் இறக்கத்திற்கு இரட்டிப்புக் கட்டணம் தருவதாக நண்பர் சொன்னார்.

வழிகாட்டி ஒரு கைப்பிடிப் பனியை அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கில் நீர் சொட்டியது. காலையில் ஒரு சாண் ஆழத்தில் நின்ற ஊன்றுகோலைக் குத்தினார். கைப்பிடி வரை இறங்கியது. பின்னர் மேலே, பாறைகளுக்குக் கீழிருந்த சாய்வைச் சுட்டினார். அங்கே சிறு சிறு பனி உருண்டைகள், யாரும் தொடாமலேயே, உருண்டு வந்த தடங்கள் கோடுகோடாய்த் தெரிந்தன. பனியின் மேலடுக்கு பிடிப்பை இழந்துவருவதற்கு அவ்வுருண்டைகளே முதல் அடையாளம். "என் சீசனில் இன்னும் ஒரு வாரந்தான் இருக்கிறது, ஜனாப். உங்கள் பணம் எனக்கு வேண்டும். ஆனால் மேலே வரமாட்டேன்" என்றார். குரலில் கடுமையும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு தம் பலகைகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டார். அன்று பிற்பகல் அச்சாய்வில் எதுவும் சரியவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். சரிந்திருந்தால் கதை சிறப்பாக அமைந்திருக்கும். வழிகாட்டியின் முடிவு சரியானது என்பதற்கு அது தேவையில்லை என்றே நான் கருதுகிறேன்.

பனியே அறுவடை

மீதிப் பொழுது முழுவதும் கோங்டூரிக் கடையில் ராஜ்மாவும் சோறும் உண்டபடி அவரோடு பேசிக்கொண்டிருந்தோம். கடன் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட நால்வர், ஒருவரின் வரவுசெலவைக் கேட்காமல் இருப்பது இயலாத காரியம். ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை வழிகாட்டித் தொழில். கோடையில் மலையேற வருவோரோடு நடை. இலையுதிர் காலத்தில் குடும்பத்தின் சிறு தோட்டத்து ஆப்பிள். ஆண்டு வருவாயில் பெரும்பங்கு அந்த மூன்று மாதங்களில் வருகிறது. வாடகைக்கு விடுவதற்காகச் சில இணைப் பலகைகளைக் கடனில் வாங்கியிருந்தார். தவணையோ மாதந்தோறும், ஆண்டு முழுவதும், ஒரே தொகை.

பயிர்க்கடனில் அறுவடையை ஒட்டித் திருப்பிச் செலுத்தும் நாளை வைப்பது வங்கிகளின் நெடுநாள் வழக்கம். பனியை அறுவடையாகக் கொண்டவர்க்கும், உப்பை அறுவடையாகக் கொண்டவர்க்கும் அதே கணக்கு பொருந்தும் என்பதே என் கருத்து. தூத்துக்குடியில் மழைமாதங்களில் உப்பளங்கள் மூடிக்கிடக்கும்போது தவணை தவறுவோரை நான் கண்டிருக்கிறேன். நேர்மையின்மையால் தவறியவர்கள் அல்லர் அவர்கள். பருவம் சார்ந்த வருவாய் உடையோர் கடன் விண்ணப்பத்தின்போதே எந்த மாதத்தில் கையில் பணம் வரும் என்பதைக் கிளையில் எடுத்துரைத்து, அதற்கேற்ற தவணை அட்டவணையைக் கேட்பது நலம். தவறியபின் கேட்பதைவிட முன்னரே கேட்பது இருவர்க்கும் எளிது.

பயணம் செய்ய விழையும் வாசகர்களுக்குச் சில செய்திகள். கோண்டோலாச் சீட்டுகளை இணையவழியில் முன்பதிவு செய்துகொண்டே செல்லவேண்டும்; நேரில் கிடைக்கும் என்று நம்பிச் சென்று ஏமாந்தோர் பலர். பிற மாநிலங்களில் வாங்கிய முன்கட்டணக் கைப்பேசி இணைப்புகள் ஜம்மு காஷ்மீரில் இயங்குவதில்லை. இணைப்பு இல்லையெனில் ஒருமுறைக் கடவுச்சொல்லும் வாராது, யுபிஐயும் இயங்காது. நாக்பூர் நண்பர் இரு நாள்களும் எங்கள் செலவிலேயே உண்டார். பின்கட்டண இணைப்பு ஒன்றும், ஓரளவு ரொக்கமும் உடனிருக்கட்டும். விபத்துக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில் பனிச்சறுக்குப் போன்ற சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. புறப்படுமுன் விலக்குப் பட்டியலைப் படித்துவிடுங்கள். வெயிலைக் குறைத்து மதிப்பிடவேண்டா. ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்திற்கும் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது; பனி அதைக் கீழிருந்தும் திருப்பி அடிக்கிறது. கொச்சி நண்பரின் தாடைக்கு அடியிலும் தோல் உரிந்தது அதனால்தான்.

அவ்வழிகாட்டியோடு தொடர்பு இன்றும் நீடிக்கிறது. குல்மார்கில் பேசும்போதெல்லாம் பெருமையோடு குறிப்பிடப்படும் பெயர் ஆரிஃப் கானுடையது. தங்மார்கில் பிறந்து, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பங்கேற்ற ஒரே வீரர். பெரும் ஸ்லாலம் போட்டியில் 45ஆம் இடம் பெற்றவர். அவரைப் பார்த்துப் பயிற்சிக்கு வரும் சிறுவர்கள் பெருகியிருப்பதாக வழிகாட்டி சொன்னார். சிறுவர்கள் பெருகினர், பனி அப்படி இல்லை.

டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள்களைக் காஷ்மீரத்தார் சில்லாய் கலான் என்று அழைக்கின்றனர். மேற்கிலிருந்து வரும் காற்றுச் சலனங்கள் அந்நாள்களில் பொழியும் பனியே இறுகி ஏப்ரல் வரை தாங்கும். பின்னால் விழுவது விரைவில் உருகிவிடும். 2024இல் அந்த நாற்பது நாள்களில் பெரும்பகுதி வறண்டே கழிந்தது. ஜனவரி நடுவில் குல்மார்க் புல்வெளி பழுப்பாய்க் கிடக்கும் படங்கள் செய்திகளில் வந்தன. அப்போது அவரை அழைத்தேன். முன்பதிவு செய்த குழுக்கள் ஒவ்வொன்றாய் விலகிவிட்டன, தங்மார்கில் ஒரு கட்டுமானப் பணிக்குக் கூலிக்குச் செல்கிறேன் என்றார். அடுத்த ஆண்டும் பனிக் குறைவால் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளின் குல்மார்க் கட்டம் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயிற்று.

2024 பிப்ரவரி முதல் வாரத்தில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. முகமும் இல்லை, மலையும் இல்லை. பனியில் நாட்டிய ஓர் ஊன்றுகோல் மட்டும். கைப்பிடிக்குக் கீழ் ஒரு சாண் அளவே வெளியே தெரிந்தது. அடியில் ஆங்கில எழுத்துகளில் உருது வாக்கியம் ஒன்று. இரவு முழுவதும் பெய்தது, நாளை காலை ஒரு குழு வருகிறது என்பது அதன் பொருள்.